நயாகரா போகிறவர்களின் பட்டியல்

மன்னாரில் மருத்துவமாதுவாக இருந்த பதினொரு வருடமும் றீற்றாவுக்கு சைக்கிள்தான் வாகனம். எந்த ஊரில் பிள்ளைப்பேறு என்றாலும் பையைக் கரியரில் கட்டிக்கொண்டு மிதித்துவிடுவாள். கனடாவில் ரொறன்ரோவுக்கு வந்த ஆறு வருடத்தில் அவள் மிதித்ததெல்லாம் தொழிற்சாலையின் தையல் மெசினைத்தான்.

1996 வைகாசியில், சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில் அவர்களுடைய மாடிக் கட்டிடத்தின் உடுப்புத் தோய்க்கிற லோன்றி அறையில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. சைக்கிள் கிளப் ஒன்றின் ஞாயிற்றுக்கிழமைச் சவாரி, யாரும் வரலாம். அதை நன்றாக ஓடி முடிக்கிறவர்கள், ஆவணியில் நயாகராவுக்குப் போகிற பட்டியலில் பெயர் எழுதலாம். கடைசி வரியை றீற்றா மூன்று தரம் வாசித்தாள். ஆசை என்றால் அப்படியொரு ஆசை.

"நாப்பத்திமூண்டு வயதிலை உமக்கென்ன விசரே?" என்றார் கணவர் யேசுரட்ணம்.

"ஓம், விசர்தான்" என்று சொல்லிவிட்டு, பழைய சாமான் விற்கிற கராஜ் சேலில் வாங்கிய கூடை வைத்த சைக்கிளைக் கீழே கொண்டுபோக லிப்ரில் ஏற்றினாள்.

சவாரிக்கு வந்திருந்த பன்னிரண்டு பேரின் சைக்கிள்களையும் ஒற்றை விரலால் தூக்கலாம். கிளப்பின் தலைவர் டக் விதிகளை ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னார். விளங்கிய பாதிக்குத் தலையாட்டிய றீற்றா, விளங்காத பாதிக்கும் ஆட்டிவைத்தாள். சபையில் வேறென்ன செய்வது?

ஏரிக்கரைப் பாதையில் மேற்கே திரும்பியதும் ஏரிப் பக்கத்துக் காற்று முகத்தில் அறைந்தது. எல்லோருக்கும் கடைசியில் ஹெலன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை திணறிக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது.

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கிற கடல் நடுவே போடப்பட்ட தெருவில் சைக்கிள் ஓடும்போது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்தால், பலமுள்ளவர் காற்றுப் பக்கமாக வந்து, களைத்தவரின் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போவார். தெரிந்தவரா தெரியாதவரா என்று பார்க்கிற வழக்கம் அங்கே இல்லை. றீற்றாவும் பார்க்கவில்லை. ஏரிப் பக்கமாக வந்து, உள்ளங்கையை ஹெலனின் முதுகில் வைத்தாள்.

ஹெலன் திடுக்கிட்டு அலறினார். சைக்கிள் தடுமாறியது, புல்லில் விழுந்தார்.

றீற்றா தன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு என்று அவளுடைய கைகள் வரிசையாகத் தொட்டுப் பார்த்தன. எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆறு வருடம் துணியையே பிடித்த கைகள் ஒன்றையும் மறந்திருக்கவில்லை என்பதில், அந்த நிலையிலும் அவளுக்கு ஒரு சந்தோசம் வந்தது.

டக் முகம் சிவக்கத் திரும்பி வந்தார். "ஒருவரும் ஒருவரைத் தொடக்கூடாது என்று சொன்னேன் அல்லவா?"

விளங்காத பாதிக்குள் அதுவும் இருந்திருக்கிறது. "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டாள் றீற்றா. நயாகரா போய்விட்டது என்று தெரிந்தது. கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"கேட்டுவிட்டுத் தொட்டிருக்கலாம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு ஹெலன் சைக்கிளில் ஏறினார். றீற்றா நாலு முழம் தள்ளியே பின்னால் போனாள். சற்றுத் தூரத்தில் ஹெலனின் கால்கள் மறுபடி ஓய்ந்தன. திரும்பாமலே சொன்னார்:

"சரி, இப்போது கேள்."

அவசரத்தில் றீற்றாவுக்குத் தமிழ்தான் வந்தது. "தள்ளட்டே?"

ஹெலன் தலையாட்டினார். டக் எதையோ சொல்ல வாயெடுத்தார்.

"டக், நீ முன்னால் பார்த்து ஓட்டு" என்றார் ஹெலன். அதட்டிப் பழகிய குரல். டக் முன்னால் பார்த்தார்.

ஹம்பர் ஆற்றங்கரையில் சாப்பிட்டபோது பட்டியல் வந்தது. டக் அதை றீற்றாவைத் தாண்டி ஹெலனிடம் நீட்டினார்.

"போன வருடம் பாதி வழியில் திரும்பினேன்" என்றார் ஹெலன். "நயாகரா வழியில் காற்று எப்படி?"

"இதைவிட மோசம்" என்றார் டக்.

ஹெலன் தன் பெயரை எழுதினார். பிறகு பேனையோடு தாளை றீற்றாவின் மடியில் வைத்தார். டக் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, பெருமூச்சு விட்டார்.

"இரண்டு பேரும் கடைசியில்தான் வரவேண்டும். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்."

றீற்றா தன் முழுப் பெயரையும் எழுதினாள், கோட்டுக்குள் அடங்கவில்லை.

அன்று பின்னேரம் யேசுரட்ணம் கதவைத் திறந்ததும் சொன்னாள்: "ஆவணியிலை ரெண்டு நாள் நான் வீட்டிலை நிக்கமாட்டன். நயாகராவுக்குப் போறன்."

"உந்தச் சைக்கிளிலையோ? அப்ப எனக்குச் சாப்பாடு?"

"கேட்டால் சமைக்கச் சொல்லித் தாறன்" என்றாள் றீற்றா. "கேளாமல் ஒருத்தருக்கும் உதவி செய்யக்கூடாதாம்."