மாற்றாத வால்வு

வால்வை மாற்று, கண்டென்சரை மாற்று, சத்தம் தேனாய் வழியும் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் பல்லைக் கடிக்கிறேன். வெறுப்பு மழைக்காலப் பாசி போல. சுரண்டச் சுரண்டப் பச்சையாகவே வருகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. நெய்யூருக்கு மேற்கே எங்கள் ஊருக்கு மின்சாரம் வரவில்லை. அக்காவின் கணவர், என் அத்தான், பாட்டரியில் ஓடும் மைக் செட் ஒன்று வைத்திருந்தார். கல்யாண வீட்டுக்கும் எங்கள் கிறிஸ்தவ சபைக் கூட்டத்துக்கும் அது போகும். சுமந்துகொண்டு நானும் போவேன். சத்தத்தைப் பெருக்கும் ஆம்பிளிபயர் பெட்டியின் மூடியை அவர் மூடி வைத்த நாள் குறைவு. எதையாவது கழற்றி, எதையாவது மாட்டி, "இப்பம் எப்பிடி இருக்கு?" என்பார். எனக்கு அதே சத்தம்தான். சிமிண்டுத் தரையில் சிரட்டையை இழுப்பது போன்ற அதே கரகரப்பு.

அந்த வருஷம் சபையின் ஆண்டுக் கூட்டத்தில் தொடக்கப் பாட்டை அக்கா தனியாகப் பாடுவதாக ஏற்பாடு. ஒரு பெண் மைக்கில் தனியே பாடுவது எங்கள் சபையில் அதுவே முதல். பத்து நாளாக அவள் சோற்றை மறந்து திரிந்தாள். ஒத்திகையில், அயனிமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய் வழியே அவள் குரல் வந்ததும் சபை மூப்பர்கள் மூவரும் முகம் சுளித்தார்கள்.

"பெண்ணுக்க குரலு மைக்குக்குக் கொள்ளாது. பள்ளிக்கூட வாத்தியாரு பாடட்டு" என்றார் அவர்களில் மூத்தவர்.

அத்தான் விடவில்லை. மதராசிலிருந்து பார்சலில் வந்த புது வால்வை, பல்பு போன்ற அந்தக் கண்ணாடிக் குமிழை, தோளில் போடும் துவர்த்துத் துண்டில் பொதிந்து வைத்திருந்தார்.

"இத மாட்டிப் பாப்போம். அப்பவும் கரகரத்தா அவளுக்க தொண்டதான் காரணம், எனக்க செட்டு இல்ல."

அக்கா மைக்கின் முன்னால் நின்றபடி தரையைப் பார்த்தாள்.

புது உரலானாலும் புது சைக்கிளானாலும் ஜெபம் பண்ணித்தான் தொடுவது எங்கள் வழக்கம். வால்வுக்கும் ஜெபம். மூத்தவர் ஆரம்பித்தார், எல்லாரும் கண்ணை மூடித் தலை குனிந்தார்கள்.

"நேரம் போவுது, ஜெபத்துக்குள்ள மாத்திரு மக்கா" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு அத்தானும் கண்ணை மூடினார்.

செட்டை அணைத்தேன். பழைய வால்வு சுட்டது. புதியது என் கையில். தொண்டதான் காரணம், தொண்டதான் காரணம் என்று காதுக்குள் ஒரு குளவி. மாட்டாவிட்டால், கரகரத்தாலும் அவள் தொண்டையைக் குற்றம் சொல்ல முடியாது என்று புதியதை மடியில் செருகினேன். பழையதைத் தொடவே இல்லை. ஆமேனுக்கு முன்னால் செட்டைப் போட்டுவிட்டேன்.

அக்கா பாடினாள். மூப்பர்கள் தலையாட்டினார்கள்.

"கொள்ளாம்! இப்பமில்லா தெளிஞ்சிருக்கு!"

"திற்பரப்பு அருவி கணக்கா விழுது, கேட்டியளா?"

"எல்லாம் வால்வுல இருக்குவே!" என்று அத்தான் நெஞ்சைத் தடவினார்.

"அப்பம் பெண்ணே பாடட்டு" என்றார் மூத்தவர். அக்கா சிரித்தாள்.

அங்கே நான் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். பொத்தவில்லை. மடியிலிருந்து வால்வை எடுத்து நீட்டினேன்.

"இதாக்கும் ஒங்க புது வால்வு. உள்ள கெடக்கது பழசு."

"ஏலே!" அத்தானின் கை ஓங்கியது. மூத்தவர் தடுத்தார். பிறகு தோள் நேரியலைச் சரி செய்தார்.

"அப்பம் மொதல்ல கேட்டதுதான் செரி. வாத்தியாரு பாடட்டு."

மூன்று பேர், ஆறு காதுகள். ஒன்றுகூட வெட்கப்படவில்லை.

நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்தாள். "ஒனக்கு அவியள செயிக்கணும். எனக்கு ஒரு பாட்டு பாடணும். செயிச்சியா?"

"அவனுவளுக்குக் காதே இல்லக்கா."

"காது இல்லாதவியளுக்கு முன்னால பாட நான் சம்மதிச்சாச்சு. இடையில நீ யாருலே?"

கூட்டத்தன்று செட்டில் புது வால்வு. வாத்தியார் பாடினார். அதே சிரட்டை, அதே தரை. மூப்பர்கள் கண்மூடித் தலையாட்டினார்கள். அவர்களையும், அத்தானையும், பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னையும் நான் ஒரே அளவில் வெறுத்தேன். பல்லவியைச் சபை முழுதும் சேர்ந்து பாட எழுந்தபோது, அக்கா பெண்கள் வரிசையிலிருந்து விலகி வெளியே நடந்தாள்.