அக்கா இலையில் பச்சைக்கீரை

அக்காவின் காரியத்துக்கு முதல் நாள் காலையில், படையலுக்கு என்னென்ன செய்வது என்று அத்தைதான் பேச்சை எடுத்தாள். அத்தை என் அப்பாவோடு பிறந்தவள். அக்கா போன அன்றைக்குப் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தவள், இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை. அப்பா இல்லாத வீட்டில் இதையெல்லாம் எடுத்துச் செய்ய அவளை விட்டால் எங்களுக்கு ஆள் இல்லை.

"அவளுக்கு இன்னா இன்னா புடிக்கும், சொல்லுங்க. புடிச்சது எல்லாம் எலைல இருக்கணும். இல்லன்னா வந்து பாத்துட்டு, மனசு ஒடிஞ்சி திரும்பிப் போவும் பொண்ணு."

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த நாட்களில் அம்மா எதற்கும் பதில் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பாள், கொஞ்ச நேரம் கழித்து நகர்த்தி வைத்துவிடுவாள்.

நான்தான் சொன்னேன். "எலுமிச்ச சாதம். மசால் வடை. கோன் ஐஸ்."

"ஐஸு உருகிப்பூடும்டா. வேற சொல்லு."

"சாலட்டு."

"அது இன்னாது?"

"பழம், பச்சக்கீரை ரெண்டையும் போட்டு செய்வா அத்தை. ஞாயித்துக்கெழம ஆனா அதான்."

"பச்சக்கீரைன்னா? வேக வெக்காமயா?"

"ஆமா."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏன்டா, நம்ம பொண்ணுக்குப் படைக்கிறோமா, ஆட்டுக்குட்டிக்குப் போடறோமா?"

"புடிச்சது எல்லாம் இருக்கணும்னு நீதான சொன்ன."

அத்தை புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி, செய்யி. நீயே செய்யி, எனக்கு அந்த கருமம்லாம் தெரியாது. ஆனா ஒண்ணு. படையலுக்கு செய்யறத வாயில வெச்சிப் பாக்கக் கூடாது. உப்பு, காரம் எதுவும் பாக்கக் கூடாது. அவ துன்ன பெறகுதான் நம்ம துன்னணும். எச்சில் பட்டுதுன்னா அவளுக்கு ஆவாது."

சரி என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வடைக்கும் சாதத்துக்கும் அத்தைக்குக் கை அளவு தெரியும், ருசி பார்க்காமலே வந்துவிடும். நான் வாழ்நாளில் ஒரு நாளும் சாலட் செய்ததில்லை.

அக்கா எங்கள் கும்மிடிப்பூண்டியிலேயே ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை செய்தாள். அங்கே வெளிநாட்டு இன்ஜினியர்கள் கொஞ்சம் பேர் உண்டு. அவர்களுக்குச் சாம்பார் ஆகாது. அவர்களுக்காகக் காய் நறுக்கப் போனவள்தான் இதைக் கற்றுக்கொண்டாள். முதல் தடவை வீட்டில் செய்தபோது நானும் ஆடு என்றுதான் சொன்னேன். அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். அக்கா கண்டுகொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் செய்தாள். அப்படியே பழக்கமாகிவிட்டது. கறி எடுக்கிற வாரத்திலும் கறிக்குப் பக்கத்தில் அது இருக்கும்.

பாலக்கீரையின் காம்பைக் கிள்ளி, தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, பழைய துண்டில் மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு வெளியே போவாள். எங்களுடையது லைன் வீடு, வரிசையாக ஒரே மாதிரிக் கதவுகள். வாசலில் நின்று அந்த மூட்டையைக் கவண் மாதிரி தலைக்கு மேல் சுற்றுவாள். ஈரமெல்லாம் தெறித்துப் போய்விடும். கேண்டீனில் அதற்கு மெஷின் இருந்ததாம். வீட்டில் துண்டு. பிள்ளைகள் எல்லாம் அந்தச் சாரலில் நிற்பதற்கு ஓடி வருவார்கள். "கீரைக்காரக்கா மழை வுடுது" என்று கத்துவார்கள்.

பிறகு ஆரஞ்சு, கொய்யா, மாதுளை, எது கிடைக்கிறதோ அது. மேலே ஊற்றுவதற்கு ஒரு தண்ணி. டிரெஸ்ஸிங் என்பாள். எலுமிச்சைச் சாறு, தேன், எண்ணெய், நசுக்கிய பூண்டு ஒரு பல், மிளகுத்தூள், உப்பு. எல்லாவற்றையும் ஜாம் பாட்டிலில் போட்டு மூடி குலுக்குவாள். ஆனால் அதைக் கீரைமேல் ஊற்றி வைக்கவே மாட்டாள். பாட்டிலை நடுவில் வைத்துவிடுவாள்.

"துன்றவங்கதான் ஊத்திக்கணும். முன்னாடியே ஊத்தினா கீரை செத்துப்பூடும்" என்பாள்.

அம்மா மட்டும் கேட்க மாட்டாள். நிறைய ஊற்றி, சோற்றைப் பிசைகிற மாதிரி கையால் பிசைவாள். "ம்மா, அத பெசையாத மா. ரெண்டு ஸ்பூன வெச்சி கலக்கணும்" என்று அக்கா சண்டைக்குப் போவாள். சண்டை போட்டுவிட்டு, கடைசியில் அம்மா கையிலிருந்துதான் உருண்டை வாங்கித் தின்பாள்.

மழை விட்ட பிறகு ஊரெல்லாம் காய்ச்சல் இருந்தது. அக்காவுக்கும் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஷேர் ஆட்டோவில் தானே ஏறி உட்கார்ந்தாள், எனக்கும் இடம் போட்டாள். திரும்பி வந்தது ஆம்புலன்ஸில். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

பஜாரில் ஸ்டேஷன் பக்கம் கீரை விற்கிற அம்மாவிடம் போனேன். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை எல்லாம் இருந்தன. பாலக்கீரை அடியில் ஈரச் சாக்குக்குள் இருந்தது. "ஆரணி பக்கத்துலேந்து காலைலதான் வந்துது. உங்கக்கா வரலையா தம்பி? அவதான இத கேட்டு வாங்கும்" என்றாள். வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அவள் கூடுதலாக இன்னொரு கட்டு எடுத்துப் பையில் போட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அண்ணி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அண்ணியும் அதே கேண்டீன்தான். அக்காவும் அவளும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவார்கள். பையில் கீரையைப் பார்த்ததும் அலசுவதை நிறுத்திவிட்டாள்.

"படையலுக்கா?"

"ஆமா அண்ணி. செய்யத் தெரியாது. அத்தை ருசி பாக்கக் கூடாதுன்னுது. எப்டி செய்யறதுன்னு புரியல."

அண்ணி வீட்டார் சர்ச்சுக்குப் போகிறவர்கள். படைத்ததைச் சாப்பிட மாட்டார்கள். ஆடி மாசம் கூழ் ஊற்றினால்கூட அண்ணி சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பாள், அக்காவும் வற்புறுத்த மாட்டாள். அண்ணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி, நாளைக்கு எலைல வெச்ச பெறகு என்னால துன்ன முடியாது. உனக்குத் தெரியும்ல."

"தெரியும் அண்ணி."

"எனக்கும் அவ சாலட்டு வேணும்டா. என் பங்க இன்னிக்கே குடுத்துடு. எங்க ஊட்டுல, எங்க பாத்திரத்துல செய்யி. அது படையல் இல்ல, எனக்குச் செய்யறது. அத ருசி பாக்கலாம்ல?"

உள்ளே இருந்த அத்தையிடம் போய்க் கேட்டேன். அத்தை கடலைப்பருப்பை முறத்தில் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "அவ ஊட்டுக்குச் செய்யறத பத்தி என்ன ஏன்டா கேக்கற?"

சாயங்காலம் அண்ணி வீட்டில் செய்தேன். அவள் எதையும் தொடவில்லை, முக்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். கீரையைக் கத்தியால் நறுக்காதே, கையால் கிள்ளு. ஆரஞ்சுச் சுளையில் வெள்ளைத் தோல் இருந்தால் கசக்கும். எலுமிச்சங்காயை நறுக்குவதற்கு முன்னால் தரையில் வைத்து உருட்டு. நான் இரும்பு உருக்குகிற கம்பெனியில் ஹெல்பர் வேலை செய்கிறவன். கையெல்லாம் காய்ப்பு. மாதுளை முத்து நசுங்கி நசுங்கி முகத்தில் அடித்தது.

"டேய், அது கம்பி இல்லடா. மெதுவா" என்றாள் அண்ணி.

"உப்பு எவ்ளோ அண்ணி?"

"ரெண்டு சிட்டிக போடுவா."

போட்டுக் குலுக்கிக் கொடுத்தேன். அண்ணி கீரைமேல் ஊற்றி ஒரு வாய் வைத்தாள். மென்றாள். முகம் சுருங்கிவிட்டது. நானும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரே உப்பு.

"நீங்க சொன்ன மாதிரிதான போட்டேன்."

அண்ணி எழுந்து வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "ரெண்டு சிட்டிகன்றது அவ கையிக்கு. அவ வெரலப் பாத்திருக்க இல்ல, வெண்டக்காப் பிஞ்சு மாதிரி. உன்னுது முருங்கக்கா. கட்ட வெரல், மோதிர வெரல் ரெண்டுல எடு. அப்ப கம்மியாதான் வரும்."

அப்படி எடுத்தால் பழக்கமில்லாமல் உப்பு நழுவியது. கொஞ்சம்தான் வந்தது. மறுபடி பாட்டிலைக் கழுவி, மறுபடி எலுமிச்சை பிழிந்து, மோதிர விரலால் உப்புப் போட்டேன். அண்ணி வாயில் வைத்தாள். இந்தத் தடவை தட்டை மடியில் வைத்துக்கொண்டு முழுதும் சாப்பிட்டாள். சாப்பிடும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை, சாப்பிடுவதை நிறுத்தவும் இல்லை. கடைசியில், "இதாண்டா. இத மறந்துடாத" என்றாள்.

மறுநாள் குளத்தங்கரையில் காரியம் முடிந்து, மொட்டைத் தலையோடு வந்தேன். மிச்சம் இருந்த கீரையைக் கழுவித் துண்டில் கட்டி வாசலுக்கு எடுத்துப் போனேன். சுற்றினேன். தண்ணீர் என் மொட்டை மேலேயே விழுந்தது. பிள்ளைகள் அவரவர் வாசலிலேயே நின்று பார்த்தார்கள். யாரும் ஓடி வரவில்லை, யாரோ சொல்லி வைத்திருப்பார்கள். ஒரு சின்னது மட்டும் தன் அம்மா கையை விட்டுவிட்டு வந்து கீழே நின்றது. அதற்காக இன்னும் கொஞ்சம் சுற்றினேன்.

மோதிர விரலால் உப்புப் போட்டேன். நாக்கில் வைக்கவில்லை. விரலில் ஒட்டியதைக்கூட நக்கிவிடக் கூடாது என்று தண்ணீரில் கழுவினேன்.

அக்கா போட்டோவுக்கு முன்னால் இலை போட்டு அத்தை பரிமாறினாள். சாதம், வடை, பாயசம். நான் கீரையையும் பழத்தையும் ஓரத்தில் வைத்து, டிரெஸ்ஸிங்கைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தேன்.

"இது இன்னாடா கிண்ணத்துல?"

"கீரை மேல ஊத்திக்கிறதுக்கு அத்தை."

"யாரு ஊத்திக்கிறது?"

"அவதான். முன்னாடியே ஊத்தினா திட்டுவா."

அத்தை கற்பூரம் ஏற்றினாள். எல்லோரும் கும்பிட்டோம். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றோம். அது எங்கள் வழக்கம். நாம் பார்த்துக்கொண்டிருந்தால் போனவர்களுக்குச் சாப்பிட வராது, கொஞ்ச நேரம் அவர்களைத் தனியாக விடவேண்டும். அம்மா கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். அண்ணி அவள் வீட்டு வாசலில் நின்றாள். கம்பெனி லாரிகள் ரோட்டில் போய்க்கொண்டிருந்தன. ஊற்றிக்கொள்வாள், ஊற்றிக்கொள்வாள் என்றே எனக்கு மனசுக்குள் ஓடியது. இருபது வயசுக்காரன் இப்படி நினைக்கலாமா என்று தெரியவில்லை. நினைத்தேன்.

அத்தை கதவைத் திறந்தாள்.

வடை வடையாகத்தான் இருந்தது. ஆனால் வடையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, ஒரு விள்ளல் குறைந்திருக்கிறது என்று நம்பிக்கொள்ளலாம். சாதத்தையும் அப்படி நம்பலாம். கிண்ணத்தை நம்ப முடியவில்லை. வைத்த அளவு அப்படியே இருந்தது. எண்ணெய் மேலே மிதந்து, எலுமிச்சைச் சாறு அடியில் தனியாகப் பிரிந்து நின்றது. கீரை பச்சையாக, நிமிர்ந்து இருந்தது. யாரும் ஊற்றவில்லை. அக்கா செத்துப்போய்விட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொள்ளி வைத்தவன் நான். அப்போதுகூட இப்படி உறைக்கவில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் போட்டு அழுதேன்.

அத்தை என் முதுகில் கை வைத்தாள். "எழுந்திரு நைனா" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை.

அம்மா வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிண்ணத்தை எடுத்து விரலால் கலக்கினாள். எல்லாவற்றையும் கீரைமேல் ஊற்றினாள். அப்புறம் இலையிலேயே, கையால் பிசைந்தாள். ஆரஞ்சும் மாதுளையும் கீரையும் ஒன்றாகி, சாறு அவள் விரல் சந்தில் வழிந்தது. நிமிர்ந்து நின்ற கீரை அவள் கைக்குள் சுருண்டு கறுத்தது. பிசையாதே என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

முதல் பிடியை எனக்கு நீட்டினாள். வாயில் வாங்கினேன். அடுத்த பிடி அத்தைக்கு. அத்தை தயங்கி வாங்கி, மென்று பார்த்து, "ஆட்டுக்கு ருசி தெரியாமலா கீது" என்று மெல்லச் சொன்னாள். அம்மாவின் வாய் ஓரம் லேசாக அசைந்தது. மூன்றாவது பிடியை அம்மா தானே சாப்பிட்டாள். மென்று முழுங்கினாள். இன்னொரு பிடி எடுத்தாள்.

"உப்பு சரியா கீதாம்மா?" என்று கேட்டேன்.

"அவ போடற மாதிரியே கீது" என்றாள் அம்மா.