சேலையின் மறுமுனை

அகரம் கிராமத்தில் யார் கிணற்றில் விழுந்தாலும் முதல் போன் உரக்கடை ஆண்டிச்சாமிக்குத்தான் வரும். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவர் குதிப்பார். மறுமுனையை மேலே நின்று பிடிப்பது அவர் மனைவி நாகஜோதி. இருபத்திரண்டு வருடத்தில் ஏழு பேரைத் தூக்கியாயிற்று. மாலையெல்லாம் அவருக்குத்தான் விழுந்தது. கயிறு பிடித்தவளின் உள்ளங்கைக் காய்ப்பை எவர் பார்த்தார்?

உரம் அதிகம் விற்றதற்காகக் கம்பெனி மற்ற வியாபாரிகளோடு இருவரையும் பாலித் தீவுக்கு அழைத்துப் போனது. மூன்றாம் நாள், எரிமலை கக்கிய கருமணல் கடற்கரை. கரிசல் மண்ணைச் சலித்துக் கொட்டியது மாதிரி இருந்தது. கூட வந்த பெண்கள் எல்லாரும் சுடிதாருக்கு மாறியிருக்க, இவள் மட்டும் சேலையில் வந்ததற்கு ஆண்டிச்சாமி காலையிலிருந்தே முணுமுணுத்தார். அவள் காதில் வாங்கவில்லை. சூடான மணலில் காலைப் புதைத்து, ஆயுசில் முதல்முறையாக ஒரு வேலையும் இல்லாமல் இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் திண்டுக்கல் வியாபாரி அருள்நாதன், செல்ஃபி எடுக்கிறேன் பேர்வழி என்று சிவப்புக்கொடியைத் தாண்டி இறங்கினார். ஒரே அலை. ஆளைக் காணோம். பிறகு கை மட்டும் தெரிந்தது. அவர் மனைவி லிடியா, "யேசுவே!" என்று அலறினாள். கிணற்றுக் கதை தெரிந்த கூட்டம் மொத்தமும் ஆண்டிச்சாமியைத் திரும்பிப் பார்த்தது. அவர் சட்டையைக் கழற்றிவிட்டார்.

கிணற்றுக்குச் சுவர் உண்டு. கடலுக்கு ஏது? நாகஜோதி இளநீரைப் போட்டுவிட்டு எழுந்தாள். ஓடிப்போய் அவர் பனியனைப் பிடித்தாள்.

"கயிறு இல்லாம எறங்காதீங்க!"

"கயித்துக்கு எங்க புள்ள போக? விடு, ஆளு போயிருவான்!"

அவள் சேலையை உருவினாள். சுற்றிலும் வெளிநாட்டுக்காரிகள் நீச்சலுடையில் கூச்சமின்றிக் கிடந்தார்கள். பாவாடையும் ஜாக்கெட்டுமாக நின்ற இவளுக்குத்தான் உடம்பு கூசியது. கூசிக்கொண்டே அவர் இடுப்பில் முடிச்சுப் போட்டாள். எட்டாதென்று லிடியாவின் துப்பட்டாவையும் சேர்த்து முடிந்தாள்.

அவர் போய் அருள்நாதனின் சட்டையைப் பிடித்த நேரம், அலை இருவரையும் உள்ளே இழுத்தது. சேலை விறைத்தது. முழங்கால் தண்ணீரில் நின்ற நாகஜோதியின் காலடி மணலும் நழுவி ஓடியது. அப்படியே உட்கார்ந்து குதிகாலை ஊன்றினாள். தலை முழுகியது, வாயெல்லாம் மண். கையை மட்டும் விடவில்லை. செத்த நேரம் கழித்தே மற்றவர்களுக்குப் புத்தி வந்து, ஓடிவந்து சேர்ந்து இழுத்தார்கள். இரண்டு பேரும் கரையில் வந்து விழுந்தார்கள். அருள்நாதன் இருமினார். உயிர் இருந்தது.

கைதட்டல் வழக்கம்போல் ஆண்டிச்சாமிக்கு.

பஸ்ஸில் யாரோ போர்த்திவிட்ட துண்டோடு நாகஜோதி உட்கார்ந்திருந்தாள். சேலையின் ஒரு முனை இன்னும் பக்கத்தில் ஆண்டிச்சாமியின் இடுப்பில் முடிந்திருக்க, மறுமுனை அவள் கையில் இருந்தது.

"போதும், முடிச்ச அவுத்துரு புள்ள. ஆளுக பாக்குறாக."

"பாக்கட்டும். ஒவ்வொரு தடவையும் நீங்க உள்ள போறப்ப, மேல நான் செத்துச் செத்துப் பொழைக்கிறேன். ஒரு நாளாச்சும் கேட்டீகளா?"

ஆண்டிச்சாமி அவள் கையைப் பிடித்து, காய்த்துப்போன உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஹோட்டல் வரும்வரை முடிச்சை அவளும் அவிழ்க்கவில்லை, அவரும் அவிழ்க்கவில்லை.