கோசோங் போதும்

மலேசியாவின் ஈப்போ நகரில் கிளென் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாகச் சத்தியம் செய்யக்கூடியவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் அவருடைய பல் டாக்டர். இன்னொருவர் அவருக்குக் கல்யாணம் செய்து வைத்த ஃபாதர். அவரும்கூட, மாப்பிள்ளையின் முழங்கால் கடைசிவரை ஆடிக்கொண்டே இருந்ததாகத்தான் சொல்வார். மற்ற நேரமெல்லாம் மனிதர் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர்.

ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். ரப்பரை வெட்டிச் சாய்த்து, லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது பெரியவர்கள் எல்லாம் அழுதார்கள். கிளென் லாரியில் முதல் ஆளாக ஏறி டிரைவர் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார். அட்டைக்கடியும் கொசுக்கடியும் போதும் என்றிருந்தது அவருக்கு. பிறகு லூமுட்டில் ஹோட்டல் வேலை, ஜொகூரில் பாக்டரி, தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூர், இரவுச் சந்தையில் போன் உறை வியாபாரம் என்று எதிலும் நிலைக்கவில்லை. கடைசியில் ஈப்போவின் பழைய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் ஒன்றின் மாடியில் ஒரு கண்ணாடிக் கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்றார். நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே நாற்காலி ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் ஸ்க்ரூ டப்பாதான் உட்கார்ந்திருக்கும்.

கையில் வைத்து ஆடும் கேம் கருவிகளுக்கும் உள்ளங்கை அகலச் சின்னக் கம்ப்யூட்டர்களுக்கும் சேமிப்பு இடத்தைப் பெரிதாக்கித் தருவது அவர் தொழில். பின்மூடியைத் திறந்து, முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றி, எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் பழைய எஸ்எஸ்டித் தகட்டை எடுத்துவிட்டுப் பெரியதைச் சொருக வேண்டும். ஒரு பெரிய தபால்தலை அளவுதான் இருக்கும் அது. ஒருவர் சேர்த்து வைத்த கேம், படம், பாட்டு எல்லாம் அதற்குள் அடங்கிக் கிடக்கும். சொருகும் வேலையில் கிளெனை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்குப் பிறகு ஒரு வேலை இருக்கிறதே, பழையதில் உள்ளதைப் புதியதற்கு நகல் எடுப்பது, அங்கேதான் ஐயா திண்டாடுவார். திரையில் ஒரு நீலக் கோடு நத்தை மாதிரி நகரும். அதைக் காத்துக்கொண்டு நிற்பது அவருக்குச் சிறைத்தண்டனை. “நகல் வேணாம், புதுசாவே போட்டுடுங்க” என்று யாராவது சொன்னால் அவர் முகத்தில் கிறிஸ்துமஸ் களை வந்துவிடும்.

லாரி ஓட்டும் சுகுமாரன் சொன்னதும் அவர் காதில் அப்படித்தான் விழுந்தது.

“இடம் பத்தலண்ணே. ஒரு வாரமா கேமே தொறக்க மாட்டேங்குது. பெரிசா மாத்திக் கொடுங்க.” சுகுமாரன் கேம் கருவியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

பெரிய எஸ்எஸ்டி போடுகிறவர்களுக்குப் புதுக் கேம் நாலைந்தைச் சும்மா ஏற்றித் தருவது கடையின் வழக்கம். “என்னென்ன போடணும் தம்பி? கார் ரேஸ், பந்து, சண்டை, எல்லாம் இருக்கு.”

“ஒண்ணும் வேணாம்ணே. கோசோங் போதும்.”

“கோசோங்கா?”

“ஆமாண்ணே, கோசோங்தான்.”

கோசோங் என்றால் மலாயில் காலி. காலியாக வேண்டும் என்று ஒரு மனிதர் இரண்டு தரம் சொன்ன பிறகு மூன்றாம் தரம் குடைந்து கேட்க கிளென் என்ன வக்கீலா? புதியதைப் போட்டார், வெறும் சிஸ்டத்தை மட்டும் ஏற்றினார், மறுநாள் கொடுத்து அனுப்பினார். பழையதை சுகுமாரன் கேட்கவில்லை. கேட்காத பழசு கடைக்கு.

அந்தப் பழசுக்கும் உடனே ஒரு வேலை வந்தது. ஆயர் தாவார் மாதா கோவில் பாடற்குழுத் தலைவர் திமோத்தி, கிளெனோடு தோட்டத்துப் பள்ளியில் படித்தவர், பூசையில் பாட்டு வரிகளைச் சுவரில் காட்ட ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கேட்டிருந்தார். புது எஸ்எஸ்டி கைவசம் இல்லை. சுகுமாரனுடைய குட்டையான பழசை ஒரு நீட்டுத் தகட்டில் வைத்து அதற்குள் பொருத்திவிட்டார் கிளென். இன்னொருவர் கைக்குப் போகுமுன் உள்ளே இருப்பதை அழித்துக் கொடுப்பதுதான் முறை. ஆனால் அதற்கும் ஒரு நீலக் கோடு உண்டு. சனிக்கிழமை தானே அழித்துவிட்டுத் தனக்கு வேண்டியதை ஏற்றிக்கொள்வதாகத் திமோத்தி சொல்லியிருந்தது வசதியாகப் போயிற்று. வெள்ளிக்கிழமையே பெட்டியை ஆயர் தாவாருக்கு அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை காலை கடையைத் திறக்கும்போதே சுகுமாரன் நின்றிருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

“அண்ணே, என் தோட்டம் எங்க?”

“எந்தத் தோட்டம் தம்பி? எங்க தோட்டத்தையே வித்து வீடு கட்டிட்டானுங்க.” தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஆள் வழி தவறி இங்கே வந்துவிட்டாரோ என்று கிளென் நினைத்தார். பேராக் மாநிலத்துக்காரர்களுக்கு வாயில் தயாராக இருக்கும் கேலி அது.

“என் மக தஞ்சோங் ரம்புத்தான்ல இருக்குண்ணே” என்றார் சுகுமாரன், அவர் மனதைப் படித்தவர் போல. கிளெனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மகள் பெயர் லோஷினி. அம்மா அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். சுகுமாரனும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். கேம் கருவி சனியும் ஞாயிறும் மகளிடம், மற்ற நாட்களில் அப்பாவிடம். இரண்டு பேரும் ஒரே கேமைத்தான் ஆடுகிறார்கள். அதில் ஒரு பண்ணை, ஆடு, கோழி, பூசணிக்கொடி. அதற்கு இரண்டு பேரும் வைத்த பெயர் தோட்டம்.

“போன்ல கேட்டா ‘ம்’, ‘சரி’, அவ்வளவுதாண்ணே பேசும். ஆனா தோட்டத்துல பலகை நட்டு எழுதி வைக்கும். அப்பா ஆட்டுக்குத் தண்ணி வை, அப்பா நான் கணக்குல பாஸ், அப்பா அம்மாவுக்குக் காய்ச்சல்னு. நானும் பதில் பலகை நடுவேன். ரெண்டு வருசமா அப்படித்தான் பேசிக்கிறோம்.” அவர் கருவியைக் கவுண்டரில் வைத்தார். “சாயங்காலம் வந்து எடுத்துக்கும். தொறந்து பாத்தா ஒண்ணும் இருக்காது. நாந்தான் அழிச்சேன்னு நெனைக்கும்லா?”

தனக்கு வந்தது பயமா வெட்கமா என்று பிரித்துப் பார்க்கவெல்லாம் கிளென் நிற்கவில்லை. எடுத்தார் போனை. திமோத்திக்கு மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது. மறுபடியும் அதே கதை. இந்த நேரம் அங்கே ஏற்றும் வேலை தொடங்கியிருந்தால் ஆடும் இல்லை, கோழியும் இல்லை.

“வாங்க தம்பி, வண்டியில ஏறுங்க” என்று ஸ்க்ரூ டிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு கடையை இழுத்து மூடினார். “உங்க பழசு ஆயர் தாவார்ல இருக்கு. அழிச்சிருக்காதுன்னு வேண்டிக்குங்க.”

லூமுட் சாலையில் சனிக்கிழமைக் கூட்டம். பங்கோர் தீவுக்குப் போகிற கார்கள் எல்லாம் பாயும் தலையணையுமாக ஊர்ந்துகொண்டிருந்தன. கிளென் ஹாரனை அடித்தார், பாதை மாறினார், திரும்பப் பழைய பாதைக்கே வந்தார். சுகுமாரன், நெடுஞ்சாலையிலேயே வாழ்கிற மனிதர், தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார்.

போத்தா ஊரைத் தாண்டியதும் கிளெனுக்குப் பொறுக்கவில்லை. “நீங்கதானே தம்பி கோசோங்னு சொன்னீங்க? ரெண்டு தரம் சொன்னீங்க.”

“ஆமா. புதுக் கேம் எதுவும் சேக்க வேணாம்னு சொன்னேன்.”

“கோசோங்னா காலிதானே!”

“அண்ணே, மாமாக் கடையில ரொட்டி கோசோங் கேக்குறீங்க. முட்ட போட மாட்டான், வெங்காயம் போட மாட்டான். அதுக்காக வெறுந்தட்டையா கொண்டாந்து வைப்பான்? ரொட்டி இருக்கும்லா!”

நேற்றுக் காலையில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் கிளென் தின்றதும் ரொட்டி கோசோங்தான். இரண்டு தின்றார். தன் கடைக்கு இதுவரை எத்தனை பேர் வந்து ‘கோசோங் போதும்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள் என்று நினைத்துப் பார்க்கத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் நினைத்தால் வண்டி ஓட்ட முடியாது.

எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் ஓடின. அவர் பிறந்த தோட்டத்துக்குத் திரும்பும் வழி வந்து போனது, அவர் பார்க்கவில்லை. வாழ்நாள் முழுவதும் அவர் அவசரப்பட்டதெல்லாம் இருக்கும் இடத்தை விட்டுப் போவதற்குத்தான். ஓர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்வது இதுதான் முதல் தடவை. அந்தத் தவிப்பு வேறு மாதிரி வலித்தது.

கோவில் வாசலில் வண்டியைக் கோணலாக விட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள். பாடற்குழு போயிருந்தது. திமோத்தி கீபோர்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீபோர்டு மேல் அந்தச் சின்னக் கம்ப்யூட்டர்.

“வாடா ராசா!” என்றார் திமோத்தி. “வேணும்னுதான்டா போன எடுக்கல. காலையிலேருந்து எத்தன மெசேஜ் அனுப்பினேன்? வாய்ஸ் வேற அனுப்பினேன், கேட்டியா?”

கிளென் நீளமான வாய்ஸ் மெசேஜ் எதையும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. “ஏத்திட்டியா? திமோத்தி, அதச் சொல்லு மொதல்ல. அழிச்சிட்டியா?”

“எத வச்சுடா ஏத்துறது? பொட்டிய கொடுத்த, கரண்டு ஒயர கொடுத்தியா? வாய்ஸ்ல அதத்தானே கத்துறேன்!”

கிளெனுக்குக் கண்ணில் பட்டது போலத் தெரிந்தது: கடையில், நாற்காலியில், ஸ்க்ரூ டப்பாவுக்கு மேல் சுருண்டு கிடக்கும் அடாப்டர். வெள்ளிக்கிழமை ஓட்டத்தில் அதைப் பெட்டியோடு வைக்க மறந்திருக்கிறார். அழிக்கப் பொறுமையில்லாமல் விட்டதும் அவர்தான், ஒயரை மறந்ததும் அவர்தான். செய்த இரண்டு தப்பும் சேர்ந்து அந்தத் தோட்டத்தைக் காப்பாற்றியிருக்கின்றன. திமோத்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“இவனுக்கு என்னாச்சு?” என்றார் திமோத்தி, சுகுமாரனைப் பார்த்து.

கோவில் பெஞ்சில் வைத்தே பழசைக் கழற்றி கேம் கருவியில் திரும்பப் பொருத்தினார் கிளென். இடம் கொஞ்சம் கிடைக்கட்டும் என்று பெரிய பந்து கேம் ஒன்றை சுகுமாரன் அழித்தார். தோட்டம் திறந்தது. ஆடு நின்றது. கோழிகள் பசியோடு அலைந்தன. வேலியோரம் ஒரு புதுப் பலகை. கேம் திறக்க மறுத்த அந்த வாரத்துக்கு முன், கடைசியாக லோஷினி நட்டது. ஆங்கில எழுத்தில், தமிழும் மலாயும் கலந்து எழுதியிருந்தாள்.

‘அப்பா, இடம் பத்தலன்னா என் மத்த கேம் எல்லாம் புவாங். தோட்டம் மட்டும் சிம்பான்.’

புவாங் என்றால் தூக்கிப் போடு, சிம்பான் என்றால் பத்திரமாக வை. அந்த இரண்டு சொல்லை மட்டும் பேராக்கில் யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாது. சுகுமாரன் படித்தார். பிறகு எழுந்து மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில், யாருக்கும் முகம் தெரியாதபடி போய் நின்றுகொண்டார். இந்துவோ கிறிஸ்தவரோ, அழுவதற்கு அந்த மூலை வசதியாகத்தான் இருந்தது. திமோத்தி மின்விசிறியைப் போட்டார். நாளைப் பூசைக்கு முன்னால் வேறு எஸ்எஸ்டியோடும் ஒயரோடும் வந்து நிற்பதாகக் கிளென் சொன்னார். திமோத்தி நம்பவில்லை என்பது பார்வையிலேயே தெரிந்தது.

ஈப்போ திரும்பியதும் நகல் எடுக்கும் வேலையைத் தொடங்கினார் கிளென். நீலக் கோடு நத்தையாக நகர ஆரம்பித்தது. “நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்” என்றார் சுகுமாரன்.

“வேணாம் தம்பி.”

நாற்காலியில் இருந்த ஸ்க்ரூ டப்பாவையும் அடாப்டரையும் எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, கிளென் உட்கார்ந்தார். முழங்கால் ஆடத் தொடங்கியது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கோடு பாதிக்கு வந்தபோது சுகுமாரனின் போன் அடித்தது. அவர் சத்தத்தைக் கூட்டித்தான் எப்போதும் பேசுவார், லாரிப் பழக்கம்.

“அப்பா, எங்க இருக்க? நான் வந்துட்டேன். தோட்டம் இருக்குலா?”

சுகுமாரன் கிளெனைப் பார்த்தார். கிளென் நீலக் கோட்டைப் பார்த்தார்.

“இருக்கும்மா” என்றார் சுகுமாரன். “பலகையப் பாத்தேன். சிம்பான் பண்ணியாச்சு.”

அந்தப் பக்கம் ‘ம்’ என்று ஒரு சத்தம், பிறகு சிரிப்பு. போன் நின்றது.

கோடு முழுசாகும்வரை கிளென் எழுந்திருக்கவில்லை. புதியதில் தோட்டம் திறக்கிறதா, ஆடு இருக்கிறதா, பலகை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பழைய எஸ்எஸ்டியைக் கடை டப்பாவில் போடவில்லை. அதன் முதுகில் வெள்ளை டேப்பை ஒட்டி, பேனாவால் எழுதி, சுகுமாரனின் சட்டைப் பையில் தானே வைத்தார்.

‘கோசோங் இல்ல’ என்று எழுதியிருந்தது.