ரிடையர்மென்ட் வாட்ச் வாங்க வந்தவர்கள்

வாட்ச் கடையில் ஐம்பது வாட்ச் ஐம்பது மணி காட்டும். யாராவது உள்ளே வந்து சரியான மணி என்ன என்று கேட்டால் கடைக்காரர் செல்போனைத்தான் எடுத்துப் பார்ப்பார்.

நானும் அப்படிப்பட்ட கடைக்காரிதான். சென்னையில் ஒரு பெரிய வாட்ச் ஷோரூமில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஏசி அறை, கையில் வெள்ளை உறை, கண்ணாடிக்குள் சுவிஸ் வாட்ச்சுகள். பிறகு என் கணவரின் ஊரான உத்திரமேரூருக்கே வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சின்னக் கடை போட்டேன். பேட்டரி மாற்றுவதும் ஸ்ட்ராப் போடுவதும்தான் தினப்படிப் பிழைப்பு. ஆனால் யாராவது விலை உயர்ந்த வாட்ச் கேட்டால், பழைய பழக்கத்தில் சென்னையிலிருந்து புதியதோ செகண்ட் ஹேண்டோ வரவழைத்துக் கொடுப்பேன். செகண்ட் ஹேண்ட் என்றால் திறந்து பார்த்து, ஒரிஜினல்தான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருவேன்.

இந்த ஊரில் அதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். ரிடையர் ஆகிறவர்கள் வாங்குவார்கள். பெண் கல்யாணம், பையன் படிப்பு, வீடு எல்லாவற்றையும் முடித்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்று வாங்க வருகிற மனிதரிடம் வியாபாரம் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. கடை வைத்துப் பாடுபடுகிறவர்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்.

அடுத்தவர் நேரம்

கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மனைவியோடு வந்தார். ஒரே மாடலில் புதியது ஒன்று, செகண்ட் ஹேண்ட் ஒன்று, இரண்டையும் எடுத்து வைத்தேன். இரண்டுக்கும் விலையில் பாதிக்குப் பாதி வித்தியாசம். பழையதில் பெயருக்குக்கூட ஒரு கீறல் கிடையாது. அந்த அம்மா அதைத்தான் தொட்டுக் காட்டினார். அவரோ தலையை ஆட்டிவிட்டார். "இன்னொருத்தன் கட்டின வாட்ச்சு எனக்கு வேணாம். அவனுக்கு நல்ல நேரம் ஓடிச்சோ கெட்ட நேரம் ஓடிச்சோ, அதெல்லாம் என் கையில வந்து ஒட்டிக்கும்."

கழற்றிக் கழுவி எண்ணெய் போட்ட வாட்ச் என்று நான் எவ்வளவோ சொன்னேன். மனிதர் அசையவில்லை. அந்த அம்மா கொஞ்ச நேரம் பஸ் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னதைக் கேட்டுத்தான் அவர் பழையதையே வாங்கிக்கொண்டு போனார்: "நான் கட்டிக்கினு வந்தப்போ இவரே செகண்ட் ஹேண்டுதான்மா. மொத சம்சாரம் தவறிப் போயி ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு. நான் வந்து இருபத்தெட்டு வருசம் ஆச்சு, நல்லாத்தான் ஓடிக்கினு கீறாரு."

நின்றுபோன வாட்ச்

காஞ்சிபுரம் ரூட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர், ரிடையர் ஆனதும் ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒன்று வாங்கினார். அதற்குப் பேட்டரி கிடையாது. கட்டியிருக்கும் கை ஆட ஆட அதுவாகவே சாவி ஏறிக்கொள்ளும். பதினைந்து நாளில் திரும்பி வந்தார். தினம் விடியற்காலையில் வாட்ச் நின்றுவிடுகிறதாம். முகம் சிவந்திருந்தது. நான் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் என் கையிலேயே கட்டிப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் ஓடியது.

அவர் மறுபடி வந்ததும் உட்காரவைத்து, பகலெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். டிவி பார்க்கிறேன், சாப்பிடுகிறேன், படுக்கிறேன் என்றார். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்து வளைத்த கை இப்போது நாற்காலிக் கைப்பிடியிலேயே கிடக்கிறது. பழுது வாட்ச்சில் இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மெதுவாகத்தான் சொன்னேன். பிறகு வாட்ச்சை வாங்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். சண்டை போடாமல் போனதே எனக்கு என்னவோபோல் இருந்தது. மூன்று மாதம் கழித்து ஏரிக்கரையில் கையை வீசிக்கொண்டு எதிரே வந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். நிற்காமலே சொல்லிக்கொண்டு போனார்: "சுகருக்கு நடன்னு டாக்டரு அஞ்சு வருசமா சொன்னாரு, நடக்கல. இது நின்னுடுமேன்னு நடந்துக்கினு கீறேன்."

ஒரு சுழி

தலைமையாசிரியர் ஒருவர் ஓய்வு பெறும்போது, பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் எல்லாம் சேர்ந்து அவருக்கு ஒரு நல்ல வாட்ச் வாங்கினார்கள். பின்பக்கம் அவர் பெயரும் 'பணி நிறைவு' என்கிற இரண்டு வார்த்தையும் பொறிக்க வேண்டும். அவர்கள் எழுதிக் கொடுத்த தாள் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து வேறு தாளில் எழுதி, பொறிக்கிறவரிடம் அனுப்பியவள் நான். மூன்று சுழியில் ஒரு சுழியை விழுங்கிவிட்டேன். 'பனி நிறைவு' என்று பொறித்து வந்தது. நானும் கவனிக்கவில்லை, அவர்களும் கவனிக்கவில்லை. மேடையில் மாலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பரிசை வாங்கியவர் முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர்.

ஒரு வாரம் கழித்துக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் இன்னும் சிவப்புப் பேனா இருந்தது. வாட்ச்சைத் திருப்பிக் கண்ணாடிமேல் வைத்து, விரலை அந்த எழுத்தில் வைத்தார். எனக்கு நாலாம் வகுப்பில் பெஞ்சுமேல் ஏறி நின்றது ஞாபகம் வந்துவிட்டது. என் செலவிலேயே பின்மூடியை மாற்றித் தந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். யோசித்துப் பார்த்தார். வாட்ச்சை மறுபடியும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். "வேண்டாம்மா, இருக்கட்டும். ஒரு வாரமா வீட்ல திருத்தறதுக்கு ஒண்ணுமே கிடைக்கல. இதையாவது தினம் ஒரு தடவை திருப்பிப் பார்த்து, உங்களைத் திட்டிக்கிறேன்."

ரெண்டு பேரும் சொன்னது

இது நான் வெளியில் சொல்லாமல் வைத்திருந்தது. ஊரும் பேரும் மாற்றிச் சொல்கிறேன். நெல் மண்டியில் மூட்டை தூக்குகிற ஆரோக்கியசாமி ஒரு நாள் சாயங்காலம் வந்தார். அவர் மனைவி மேரி கிராம சுகாதார நர்ஸ். மறுநாள் மேரியம்மாவுக்குப் பணி நிறைவு விழா. மனைவிக்குக் கொடுப்பதற்காகச் செங்கல்பட்டில் யாரோ ஒருவரிடம் சுவிஸ் வாட்ச் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். "அவ கை ஒல்லிம்மா. செயின்ல ரெண்டு கண்ணி எடுத்துடு" என்றார். கையில் வாங்கின உடனே தெரிந்துவிட்டது. எடை இல்லை, டயலில் எழுத்து பிசிறடித்திருந்தது. சுத்தமான டூப்ளிகேட். நான் தயங்கியதைப் பார்த்து, "ஒரிஜினல்தானேம்மா?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நாளைக்கு நாலு பேர் நடுவில் யாராவது சொல்லிவிட்டால் இந்த மனிதர் எங்கே போய் நிற்பார் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்தார். மூட்டை தூக்கித் தழும்பேறிய கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவ எனுக்குன்னு எதுவும் கேட்டதே இல்லம்மா. காலைல பத்து மணிக்கு பங்ஷன். வேற வாங்க வயி இல்ல" என்றார். பிறகு, "அவளுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்றார். நான் கண்ணி எடுத்து, துடைத்து, சாதாரணப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். ஷோரூம் பெட்டி ஒன்று கடையில் இருந்தது. அதைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அது சரியா தப்பா என்று இன்றுவரை தெரியவில்லை.

பத்து நாள் கழித்து மேரியம்மாவே வந்தார். செயின் பிடிக்கிறது, ஒரு கண்ணி சேர்க்க வேண்டும் என்றார். நான் வேலை செய்துகொண்டிருக்கும்போது சாவகாசமாகச் சொன்னார்: "முப்பது வருசமா கொயந்தைங்களுக்கு மூச்சு எண்ணினவ நான். இந்த மாதிரி வாட்ச்சு எங்க டாக்டரம்மா கையில பாத்துகீறேன். அதுல செகண்டு முள்ளு வயிக்கிக்கினு போவும். இது குதிச்சி குதிச்சிப் போவுது." நான் தலையைத் தூக்கவில்லை. "நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா" என்றார். கண்ணி சேர்த்துக் கொடுத்தேன். கையில் மாட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த முகத்தில் ஏமாந்தவளின் வருத்தம் கொஞ்சம்கூட இல்லை. வாசல்வரை போய்த் திரும்பி வந்து சொன்னார்: "நொடி கரெக்டா ஓடுது, எண்ணிப் பாத்துட்டேன். எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அவருகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா."

ஆம்பள வாட்ச்

நான் தலைகுனிந்த இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பச்சையம்மா என்று ஒரு அம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். நல்ல வாட்ச் ஒன்று வேண்டும் என்றார். நான் யோசிக்காமல் பிளாஸ்டிக் ஸ்ட்ராப் போட்ட சின்ன லேடீஸ் வாட்ச்சுகளை எடுத்துப் பரப்பினேன். அந்த அம்மா அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, கண்ணாடிக்குள் இருந்த தங்க நிற ஜென்ட்ஸ் வாட்ச்சைக் காட்டினார். சுவிஸ், செகண்ட் ஹேண்ட். அன்றைக்கு என் கடையிலேயே விலை கூடின வாட்ச் அதுதான். "அது விலை அதிகம்மா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மணி பார்க்கத் தெரியுமா?" என்றும் கேட்டுவிட்டேன். அந்த அம்மா என் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். தெருவில் காஞ்சிபுரம் பஸ் கிளம்புவதைப் பார்த்தார். "உன் கெடியாரம் அஞ்சி நிமிசம் லேட்டா ஓடுதும்மா" என்றார்.

மகள் ஒரு கம்பெனியில் வேலை செய்து அனுப்பிய பணத்தை ஒரு வருடம் தொடாமல் வைத்திருந்து வந்திருக்கிறார். நடவு, களை, அறுப்பு என்று நாற்பது வருடத்துக்கும் மேல் சேற்றில் நின்றவர். "முட்டி போச்சி. போன போகத்தோட வுட்டுட்டேன். நானும் ரிடேருதான்" என்று சிரித்தார். வாட்ச்சை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. "நெலத்துக்காரரு இதே மாதிரிதான் கட்டிக்கினு வரப்புல நிப்பாரு. அவரு கையத் திருப்பிப் பாத்து, சரி ஏறுங்கன்னு சொன்னாத்தான் நாங்க சேத்துலேர்ந்து ஏறணும். இருட்டிக்கினு வரும், கைக்கொயந்த கரையில அயும், அவரு பாக்க மாட்டாரு."

லேடீஸ் மாடலிலேயே நல்லதாக ஒன்று வரவழைத்துத் தருகிறேன் என்றேன், இந்த முறை மனதார. வேண்டாம் என்றுவிட்டார். வளையலுக்கு மேலே ஏற்றிக் கட்டிவிட்டேன். செயின் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. கண்ணி எடுக்கட்டுமா என்று கேட்டேன். அந்த அம்மா கையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொண்டு, சொன்னார்: "இத்தினி வருசமா அடுத்தவங்க கையவே பாத்துக்கினு இருந்தேன்மா. இனிமே என் கையப் பாத்துக்கறேன்."

மணி பார்த்தே ஆகவேண்டிய வயதையெல்லாம் கிடைத்த வாட்ச்சில் ஓட்டிவிட்டு, மணியே பார்க்க வேண்டாத நாளில்தான் மனிதர்கள் நல்ல வாட்ச் தேடி வருகிறார்கள். அதற்குக் காரணம் எனக்கு முழுதாகப் புரிந்துவிட்டால், அன்றைக்கு நானும் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு கடையை மூடிவிடுவேன் என்று நினைக்கிறேன்.