குலுக்கி அளந்த மைதா

எவர்சில்வர் டம்ளரை மைதா டப்பாவுக்குள் அமுக்கி எடுத்து, மேடையில் தட்டி, அமுங்கிய இடத்தில் இன்னும் ஒரு கை மாவைக் கோபுரமாகக் குவிப்பார் என் அண்ணி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நெல்லும், மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலையும் விளையும் வீட்டில் பிறந்தவர். அங்கே படியால் அளந்து ஒருவருக்குக் கொடுத்தால் குலுக்கிக் குவித்துத்தான் கொடுப்பார்கள். தலையை வழித்துச் சமமாக்கினால் கொடுக்க மனமில்லை என்று அர்த்தம். அந்தக் கை மைதாவையும் அப்படித்தான் அளந்தது.

செங்கம் ரோட்டில், மலையடிவார ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதிகளுக்குப் பின்னால், வாடகை அறை ஒன்றில் நாங்கள் இருவரும் வாழைப்பழ கேக் செய்து பக்கத்து காபிக் கடைக்குக் கொடுத்துவந்தோம். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. பார்த்தும் கருக்கியும் கற்றது. நான் அளந்த நாளில் கேக் பஞ்சாக எழும்பும். அண்ணி அளந்த நாளில் கனத்து உட்கார்ந்துவிடும். ஒருநாள் கடைக்காரர் வாசலிலேயே நின்று சொன்னார்: "அக்கா, இத்த வச்சு செவுரு கட்டலாம் போல இருக்குதே!"

அண்ணி அசரவில்லை. "மாவு ஜாஸ்தி போட்டதுக்குக் கோச்சுக்கிற மனுசன இப்பத்தான் பாக்கறேன்."

அன்றே ஓர் எலக்ட்ரானிக் தராசு வாங்கினேன். மாவைச் சலித்து, ஸ்பூனால் தளரப் போட்டு, மேலே வழித்து வைத்தால் அந்த டம்ளர் நூற்றிருபது கிராம் காட்டியது. அண்ணி நிரப்பியபோது நூற்றறுபது. டம்ளர் ஒன்று, மாவு ஒன்று, கைதான் வேறு. "இனிமே கிராம் கணக்குதாங்க அண்ணி" என்றேன். "தலையத் தட்டி அளக்க நாம என்ன ரேஷன் கடையா நடத்தறோம்?" என்று கேட்டுவிட்டு, நான் எடைபோட்டு வைத்த மாவில் என் கண்ணெதிரிலேயே ஒரு பிடி சேர்த்தார். அதற்காகவே நான் ஒரு பிடி குறைத்து வைக்கப் பழகினேன். அது அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஓசூரில் வேலைபார்க்கும் தன் மகனுக்குக் குழந்தை பிறந்தபோது அண்ணி, "கொழந்த கொஞ்சம் நடக்கட்டும், வந்துட்றேன்" என்று சொல்லிப் போனார். குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. நான் இன்னும் ஒரு பிடி குறைத்தே எடைபோடுகிறேன். சேர்க்க ஆளில்லாமல் நானே சேர்த்துக்கொள்கிறேன். உதவிக்கு வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொல்லும்போதெல்லாம், அண்ணி வந்துவிடுவார் என்பேன்.

போன வாரம் போன் செய்தார். "ஏம்மா, ஒரு டம்ளர் மைதா எத்தன கிராம்னு சொல்வ?"

சிரித்துவிட்டேன். "யாரு அளக்கற டம்ளருங்க அண்ணி?"

"நீ அளக்கறதுதான். முன்னாடியே கொறச்சு வெக்க நீ இல்லாம, என் கை இங்க சரிப்படல. பையன் தராசு வாங்கிக் குடுத்தான். ஓவனும் வந்துடுச்சு. அக்கம்பக்கத்துல எல்லாம் கேக்கு கேக்கறாங்கம்மா."

நூற்றிருபது என்றேன். மறக்காமலிருக்க அவர் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஓவன் வந்துவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் எனக்குள் இறங்கியது. கேட்காமல் இருக்க முடியவில்லை. "எப்பங்க வர்றீங்க?"

"பௌர்ணமிக்கு வரேம்மா. மலைய சுத்திட்டு அப்படியே பஸ் புடிச்சா, விடியறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்."

மலை சுற்ற வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பேசும் பேச்சு அது.

"வாங்க அண்ணி" என்றேன். "நானும் கூட நடக்கறேன்."