முழ நீளக் கம்பி

மார்ச் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியலில் தொடங்கிய தூறல் விட்டபாடில்லை.

ஆய்வுக்கூடத்தில் உலோகம் உருக்கும் வெற்றிட உலையைப் பத்தொன்பது ஆண்டுகளாக இயக்கி வரும் அந்த அம்மையாரை எல்லாரும் ‘உலையக்கா’ என்றே அழைப்பர். அன்று பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் அவர் கண்ணயரவில்லை.

அவர்கள் உருவாக்கி வந்தது அணுப்பிணைவு உலையின் சுவருக்கான எஃகு. நியூட்ரான்கள் தாக்கத் தாக்க அந்தச் சுவரே கதிரியக்கம் பெறும். அது நூறாண்டுக்குள் தணிய வேண்டுமெனில் எஃகில் மாலிப்டினம் இருக்கலாகாது. அதனிடத்தில் டங்ஸ்டன் சேர்ப்பர். ஏழு மாதம் காத்திருந்து பெற்ற தூய இரும்பிலிருந்து முதல் கட்டியை வார்த்தனர். அதில் மாலிப்டினம் வரம்பைப் போல் மூன்று மடங்கு இருப்பதாக முந்திய நாள்தான் சோதனை அறிக்கை வந்தது.

காரணம் ஆய்வுக்கூடத்தில் அவர் ஒருவருக்கே தெரியும். உருக்கில் கலப்புப் பொருள்களைக் கொட்டும் கிண்ணத்தின் கொக்கி தளர்ந்திருந்தது. சூட்டைத் தாங்கும் என்பதால் உலைக்கூடங்களில் மாலிப்டினக் கம்பியால் கட்டுவதே வழக்கம். பழகிய கை யோசியாமல் கட்டிவிட்டது. உருக்கி முடித்துத் திறந்தபோது முழ நீளக் கம்பியைக் காணோம். உருக்கிலே விழுந்து கரைந்திருந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்ற களைப்பில், நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று வீடு திரும்பினார். நான்கு நாள் ஓடிவிட்டது.

காலையில் கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

“சொன்னா உலைய உன்கிட்டேருந்து பிடுங்கிட மாட்டாங்களா?”

“பிடுங்கட்டுமே. என் முட்டி ரெண்டும் அதைத்தான் கேக்குது.”

“முட்டி கேக்கும். நீ வீட்ல சும்மா உக்காருவியா?”

அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான தலைமை ஆய்வாளர், இரும்பு விற்றவருக்கான கடிதத்தில் கையொப்பமிடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

“இரும்பு அனுப்பினவன் நம்ம தலையில நல்லா மிளகா அரைச்சிட்டான், அக்கா. அவன் குடுத்த சான்றிதழே பொய். மொத்த சரக்கையும் திருப்பி அனுப்பறேன்.”

“அடுத்தது எப்ப சார் வரும்?”

“இன்னும் ஏழு மாசம். வேற என்ன பண்றது? நம்ம உலைக்குள்ள மாலிப்டினம் ஏது?”

உலையக்கா மேலங்கிப் பையிலிருந்து மிச்சக் கம்பிச் சுருளை எடுத்து அந்தக் கடிதத்தின்மேல் வைத்தார். ஆய்வாளர் அதைப் பார்த்தார். பேனாவின் மூடியைத் திருகி மூடினார்.

“இதை உலைக்குள்ள யாரு கட்டினது, அக்கா?”

“நான்தான் சார்.”